குடும்பமாகக் குதிரைப் பண்ணை நடத்தினால் அன்றாடம் எப்படிப் போகும்?

கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், வீட்டோடு ஒரு பெரியவர். இந்தக் குடும்பம் ஐந்தாறு குதிரைகளோடு சின்னதாக ஒரு பண்ணை வைத்தால் ஒரு நாள் எப்படிப் போகும், வெளியாள் இல்லாமல் சமாளிக்க முடியுமா, பிள்ளைகளை எதற்குப் பழக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சமாளிக்க முடியும். ஆனால் உங்கள் கற்பனையில் யாராவது குதிரை மேல் உட்கார்ந்திருந்தால் முதலில் அவரை இறக்கிவிடுங்கள். சவாரி என்பது எல்லா வேலையும் முடிந்து, வெளிச்சமும் உடம்பில் தெம்பும் மிச்சம் இருந்தால் நடப்பது. மற்ற நேரமெல்லாம் புல் போடுவது, லத்தி அள்ளுவது, இரண்டுக்கும் நடுவில் குதிரையைப் பார்ப்பது. முதல் இரண்டும் யாருக்கும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். மூன்றாவதுதான் பண்ணையைக் காப்பாற்றும் வேலை, அதற்குத்தான் வருஷக்கணக்காகும்.

ஏன் என்று புரிய குதிரையின் வயிற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாடு அவசரமாக மேய்ந்துவிட்டு, அப்புறம் படுத்து நிதானமாக அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அரை டன் உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். உள்ளே தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. அதனால் வெளியில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும். மணிக்கணக்காக வெறும் வயிற்றோடு கட்டிப்போட்டால் வயிற்றுப்புண் வரும். இன்னொரு சங்கதி, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வேண்டாதது உள்ளே போய்விட்டால், பல இடங்களில் மடங்கியும் திடீரென்று குறுகியும் ஓடும் நீளமான குடலைத் தாண்டித்தான் அது வெளியே வந்தாக வேண்டும்.

அதனால் வீட்டுக் கடிகாரத்தைக் குதிரைதான் ஓட்டும். காலைத் தீனி நேரம் விடுமுறை நாளிலும் அதேதான், வீட்டில் கல்யாணம் என்றாலும் அதேதான். கணக்கு எளிது: உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ காய்ந்த புல். அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். இரவு நீளமானது என்பதால் நாம் படுக்கப் போகும் முன் போடும் வேளைதான் பெரிய பங்காக இருக்க வேண்டும். தண்ணீர் 25 முதல் 45 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்திலும் பால் கொடுக்கும்போதும் அதற்கு மேலும் போகும். உப்புக்கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஓட்ஸ், பார்லி மாதிரி தானியமெல்லாம் கடினமாக வேலை செய்யும் குதிரைக்கும் பால் கொடுக்கும் பெட்டைக்கும்தான். சும்மா நிற்கும் குதிரைக்கு நல்ல புல் போதும். புதிதாகப் பண்ணை வைக்கும் குடும்பங்கள் பாசத்தைத் தானியத்தில் காட்டுவார்கள். தாத்தா ஒரு பிடி போட்டிருப்பார், அது தெரியாமல் பேத்தி ஒரு பிடி போட்டிருப்பாள். குதிரை இரண்டு பேரிடமும் பட்டினி கிடந்த முகத்தோடுதான் நிற்கும். ஆகவே தானியத்தை ஒரே ஆள்தான் அளக்க வேண்டும், அதுவும் தராசில். புதுத் தீனிக்கு மாறுவதானால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் திடீர் மாற்றத்தைத் தாங்காது.

வீட்டில் மாடு, கோழி இருந்தால் இதை அவசியம் கவனியுங்கள். அவற்றின் கலப்புத் தீவனத்தில் மொனென்சின் போன்ற மருந்து சேர்ப்பது உண்டு. மாட்டுக்கு அது நல்லது. குதிரைக்கோ கொஞ்சம் போனாலே இதயத் தசையை அழித்து உயிரை எடுத்துவிடும். மூட்டைகளைத் தனி அறையில் பூட்டி வையுங்கள். ஒரே கரண்டியை இரண்டுக்கும் புழங்க வேண்டாம்.

சரி, காலை வேலைக்கு வருவோம். லாயத்துக்குள் போனதும் புல்லைத் தூக்கிப் போடாமல் ஒரு நிமிஷம் வாசலில் நின்று பார்ப்பவர்தான் நல்ல பண்ணைக்காரர். யார் கனைத்தார்கள், வழக்கமாகக் கனைக்கும் யார் இன்று சும்மா நிற்கிறார்கள்? ராத்திரி போட்ட புல் மிச்சம் இருக்கிறதா? வாளித் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது? தானாகத் தண்ணீர் நிரம்பும் தொட்டி சௌகரியம்தான், ஆனால் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று அது சொல்லாது. இதனாலேயே சிலர் இன்னும் வாளியை விடாமல் வைத்திருக்கிறார்கள், எனக்கும் வாளிதான் பிடிக்கும்.

அப்புறம் தரையைப் பாருங்கள். நன்றாக இருக்கும் குதிரை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை லத்தி போடும். உருண்டைகள் ஈரமாக, தரையில் விழுந்ததும் லேசாக உடைவதாக இருக்க வேண்டும். சின்னதாக, இறுகி, மேலே சளி மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் போதவில்லை அல்லது குடல் மெதுவாகிவிட்டது. இரவு முழுக்கக் குவியலே குறைவு என்றால் இன்னும் கவனம் தேவை. படுக்கை வைக்கோல் ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது. அறை முழுக்கக் கிளறி, சுவரோரம் குவிந்து, கழுத்தில் வியர்வை காய்ந்த உப்புத் தடமும் தெரிந்தால் இரவில் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்று பள்ளிக்குக் கிளப்புவது, சமையல் எல்லாம் பிறகுதான்.

குதிரைக்காரர்கள் எல்லோரும் பயப்படும் அந்த வயிற்றுவலியைக் கோலிக் என்பார்கள். முன்னங்காலால் தரையைப் பறிப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, படுப்பதும் எழுவதுமாக இருப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அடங்கி நடக்கிற குதிரை என்றால் மெதுவாக நடத்தலாம். ஆவேசமாகப் புரளும் குதிரைக்கு அருகில் போகக் கூடாது, நசுங்கிவிடுவீர்கள். வாய் வழியாக எண்ணெய் ஊற்றும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது நுரையீரலுக்குப் போய்விடும். மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரையும் வேண்டாம். வலி அடங்கின மாதிரி தெரியும், உள்ளே குடல் முறுக்கிக்கொண்டே இருக்கும்.

தொலைபேசியில் "சரியில்லைங்க" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு இதுதான் இயல்பு. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் உருளும், நாடியை அங்கே எண்ணலாம். ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும். குதிரை நன்றாக இருக்கும் நாட்களிலேயே ஒவ்வொன்றுக்கும் எண்ணி நோட்டில் எழுதி வைத்தால்தான் கெட்ட நாளில் ஒப்பிட முடியும்.

லத்தி அள்ளுவதைப் பற்றி யாரும் முழுசாகச் சொல்வதில்லை. ஒரு குதிரை லத்தியும் சிறுநீருமாக நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் தள்ளும். ஆறு குதிரை என்றால் வருஷத்துக்கு 40 டன் தாண்டும், நனைந்த வைக்கோல் எடை தனி. இவ்வளவையும் முள்கரண்டியால் வாரி, தள்ளுவண்டியில் ஏற்றி, குவியலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு அறைக்குக் கால்மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மழை நாளில் அதற்கும் மேல். தினம் அள்ளாவிட்டால் அம்மோனியா ஏறும். நின்றுகொண்டு முகர்ந்தால் உங்களுக்குத் தெரியாது, முழங்கால் போட்டுக் குதிரை படுக்கும் உயரத்தில் முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் அதன் நுரையீரலும் எரிகிறது. குவியலைச் சரியான ஈரத்தோடு புரட்டி வந்தால் உள்ளே 55, 60 டிகிரிக்குச் சூடேறி, புழு முட்டையும் களை விதையும் செத்து, நல்ல எருவாகிவிடும். தோட்டக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

மேய்ச்சல் நிலத்திலும் வாரம் இரண்டு முறையாவது அள்ள வேண்டும். குடற்புழு மருந்தைவிட இது பெரிய வைத்தியம். தேதி வைத்து எல்லோருக்கும் மருந்து ஊற்றி ஊற்றியே பல இடங்களில் புழுக்கள் மருந்துக்கு அடங்காமல் போய்விட்டன. இப்போது லத்தி மாதிரியை ஆய்வுக்கு அனுப்பி முட்டையை எண்ணிப் பார்த்து, எந்தக் குதிரைக்கு எந்த மருந்து என்று கால்நடை மருத்துவர் சொல்வதுதான் முறை. தடுப்பூசியில் டெட்டனஸை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு ஆணிக் குத்து போதும், குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் பற்றும்.

குளம்பு தினசரி வேலை. காலைத் தூக்கி, கொக்கியால் குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி அழுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். அடியில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் இரு பக்கப் பள்ளத்தில்தான் கல் மாட்டும், ஈரம் தங்கும். அங்கே கறுப்பாகக் கசிந்து அழுகிய நாற்றம் வந்தால் படுக்கை ஈரமாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கொக்கியைக் கீழே வைக்கும் முன் உள்ளங்கையால் குளம்புச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். நாலில் ஒன்று மட்டும் வழக்கத்தைவிடச் சூடாக இருந்து, கணுக்காலுக்குப் பின்னால் நாடி விரலில் படபடவென்று அடித்தால் உள்ளே வீக்கமோ சீழோ ஆரம்பித்துவிட்டது. இரண்டு முன்குளம்பும் சூடாகி, குதிரை பின்னால் சாய்ந்தபடி நடக்க மறுத்தால் லாமினைட்டிஸாக இருக்கலாம். கொழுத்த குதிரை இளம்புல்லை அளவில்லாமல் மேய்ந்தாலோ தானிய அறைக்குள் புகுந்துவிட்டாலோ வருவது இது. உள்ளே இருக்கும் எலும்பையே இடம் பெயரச் செய்துவிடும், அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும் என்பதால், லாடம் இருக்கிறதோ இல்லையோ, 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வந்து சீவ வேண்டும். நல்ல லாடக்காரர் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் அவர் வரும் நாளில் குதிரையைக் குளிப்பாட்டித் துடைத்துத் தயாராக நிறுத்தி வையுங்கள்.

பல்லையும் மறந்துவிடுவார்கள். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று பழமொழி குதிரையைத்தான் குற்றம் சொல்கிறது. ஆனால் திடீரென்று கடிவாளத்துக்கு முரண்டு பிடிக்கும் குதிரைக்குப் பாதி நேரம் பல்தான் குத்துகிறது. குதிரைப் பல் ஆயுள் முழுக்க மேலே வந்துகொண்டே தேயும். சரிசமமாகத் தேயாவிட்டால் ஓரம் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால் சந்தேகமே வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவர் அரம் போட்டுச் சீர் செய்தால் போதும்.

வெளியே விடுவதைப் பரிசாக நினைக்காமல் தேவையாக நினையுங்கள். நாள் முழுக்க அறையில் அடைத்த குதிரை மரத்தைக் கடித்துக் காற்று விழுங்கும், கழுத்தை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகாது. ஒற்றைக் குதிரையும் வேண்டாம். நின்றபடியே குதிரை கண் அசரும் என்றாலும் ஆழ்ந்த தூக்கத்துக்கு நாளுக்கு அரைமணி, ஒரு மணி நேரமாவது படுத்தாக வேண்டும். காவலுக்கு ஒரு துணை நிற்கிறது என்று தெரிந்தால்தான் படுக்கும். புதுக்குதிரையைக் கூட்டத்தில் விடும்போது சில நாள் வேலிக்கு அப்பால் வைத்துப் பழக்குங்கள். கடியும் உதையும் கொஞ்சம் நடக்கும், யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று முடிவானதும் அடங்கிவிடும். முள்கம்பி வேலி மட்டும் கூடவே கூடாது. பயந்த குதிரை நிற்காது, முட்டிக்கொண்டு ஓடும், தோல் உரிந்து தொங்கும்.

புல் வாங்கும் நாளில் கட்டு ஒன்றைப் பிரித்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் வேண்டாம். ஈரத்தோடு கட்டிய புல் உள்ளுக்குள் புழுங்கித் தானாகவே தீப்பிடிக்கும். பூஞ்சை பிடித்த புல் குதிரைக்கு இருமலையும் இழுப்பையும் கொண்டுவரும். புல் கொட்டகையை லாயத்திலிருந்து தள்ளிக் கட்டச் சொல்வது இதனால்தான்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி சுற்றிலும் தெரியும். தெரியாத இடம் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும்தான். குழந்தை ஓடிப்போய் நிற்கும் இடமும் சரியாக அந்த இரண்டுதான். பேசிக்கொண்டே தோள் பக்கமாக வர வேண்டும், பின்னால் போவதானால் உடம்பில் கையை வைத்தபடி ஒட்டிப் போக வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக விலகிப் போக வேண்டும். பிடிகயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, குதிரை மிரண்டால் விரலோடு போய்விடும். கட்டும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். சவாரி என்றால் ஹெல்மெட், பெரியவர் அருகில் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு எந்தப் பிள்ளைக்கும் இல்லை, சாதுக் குதிரை என்பதற்காகவும் இல்லை.

வேலை என்று பார்த்தால் பிரஷ் போடுவதற்குப் பிள்ளைகளைவிடச் சிறந்த ஆள் கிடையாது. பொறுமையாகத் தேய்ப்பார்கள். பெரியவர்கள் அவசரத்தில் விட்ட உண்ணியையும் சிராய்ப்பையும் அவர்கள் கைதான் கண்டுபிடிக்கும். வாளி கழுவுவது, புல் வலையை நிரப்புவது, சேணத்தைத் துடைப்பது எல்லாம் தாராளமாகச் செய்வார்கள். லாய வாசலில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். யார் புல் போட்டது, யாருக்கு என்ன மருந்து, எந்தக் குதிரை தண்ணீர் குறைவாகக் குடித்தது என்று அவ்வப்போது எழுத வேண்டும். குடும்பப் பண்ணையில் வேலை கெடுவது பெரும்பாலும் சோம்பேறித்தனத்தால் அல்ல. அப்பா போட்டிருப்பார் என்று அம்மா நினைப்பாள், அம்மா போட்டிருப்பாள் என்று அப்பா நினைப்பார், குதிரை வெறும் தொட்டியை நக்கிக்கொண்டு நிற்கும். பெரியவருக்கு அந்தக் கடைசி ராத்திரிச் சுற்றைக் கொடுங்கள், அவருக்கு எப்படியும் தூக்கம் குறைவாகத்தான் இருக்கும்.

குட்டி ஈனும் பருவத்தில் இந்த ஒழுங்கெல்லாம் தலைகீழாகிவிடும். சினைக்காலம் சராசரி 340 நாள், 320 முதல் 365 வரை எதுவும் நடக்கலாம். பெட்டை பெரும்பாலும் இரவில்தான் ஈனும். மடி நிரம்பி, காம்பு நுனியில் மெழுகு மாதிரி துளி கட்டினால் ஒன்றிரண்டு நாளில் எதிர்பார்க்கலாம். பனிக்குடம் உடைந்ததும் 20, 30 நிமிஷத்தில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். முதலில் தெரியவேண்டியது வெளுத்த பை. அதற்குப் பதிலாகச் சிவப்பாக வெல்வெட் மாதிரி தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை. மருத்துவர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. பையைக் கிழித்துக் குட்டியை இழுத்து எடுக்க வேண்டும். இதை முன்பே மருத்துவரிடம் கேட்டுப் பழகி வையுங்கள்.

நல்லபடியாகப் பிறந்தால் ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இதில் எது தாமதமானாலும் தொலைபேசியை எடுங்கள். குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லாமலேயே பிறக்கிறது, அத்தனையும் சீம்பாலில்தான் வர வேண்டும். அதை உறிஞ்சும் திறன் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் முடிந்தேவிடும். கால்கள் நாலு திசையில் போக, குட்டி காம்பைத் தேடாமல் தாயின் முழங்காலையும் சுவரையும் நக்கிக்கொண்டிருக்கும். பார்க்கிற நமக்குக் கை பரபரக்கும். மணியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள், இரண்டு மணி நேரம் அதற்கு உரிமை உண்டு.

பண்ணை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளுமா என்றால், குட்டி விற்று வாழலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் பலிக்காது. மற்றவர்கள் குதிரையை மாதக் கட்டணத்துக்குப் பராமரிப்பதும் சவாரி சொல்லித்தருவதும்தான் சின்னப் பண்ணைகளுக்குக் கைகொடுக்கும். குதிரை 25, 30 வயது வரை இருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். இன்று உங்கள் மகளைச் சுமக்கும் குதிரை, அவள் பிள்ளை பெற்ற பிறகும் பல்லில்லாமல் ஊறவைத்த தீனி தின்றுகொண்டு நிற்கலாம். அதன் கடைசி நாளை முடிவு செய்வதும் உங்கள் பொறுப்பு. வலி தீராது என்று மருத்துவர் சொன்ன பிறகு நாள் கடத்துவதை நான் கருணை என்று சொல்ல மாட்டேன்.

குடும்பத்தோடு ஊருக்குப் போக முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் சேர்ந்து போவது அபூர்வம். லாயத்தை ஒரு வாரம் ஒப்படைக்கும் அளவுக்கு ஒரு ஆளையாவது ஆரம்பத்திலேயே பழக்கி வையுங்கள், யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் அவர்தான் உதவுவார். பண்ணைக்கு இடம் பார்க்கும் முன் நன்றாக நடக்கும் வேறொரு பண்ணையில் ஒரு மழைக்காலம் முழுக்க எல்லோரும் முறைபோட்டு வேலை செய்யுங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் ஆறோடு ஆரம்பிக்காமல் இரண்டோடு ஆரம்பியுங்கள். பத்து வயது தாண்டிய, காயடித்த, பிள்ளைகளோடு பழகிய குதிரைகளாக, உங்கள் சார்பில் ஒரு கால்நடை மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகு வாங்குங்கள். பொலிகுதிரை எவ்வளவு மலிவாக வந்தாலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.